மக்காச்சோளத் திரவம்

மாலை நான்கு பத்துக்கு டாக்டர் லிவியுவின் இடது மணிக்கட்டில் அரிப்பு தொடங்கியது. சொறிந்தார். அது நகம் எட்டாத ஆழத்தில் இருந்தது.

சுவருக்கு அப்பால் தீவிர சிகிச்சைப் பிரிவின் மூச்சுக் கருவிகள் ஒரே தாளத்தில் ஏறி இறங்கின. கிருமிநாசினி வாடைக்கு அடியில், வெந்த கோதுமையின் இனிப்பு மணம் அவர் அறைக்குள் மெல்லக் கசிந்து வந்தது.

நர்ஸ் வெதூரியா கதவைத் தள்ளினாள். "நிகிஃபோரோட சம்சாரம் வந்திருக்காங்க டாக்டர். அவர் செத்து நாற்பதாம் நாள், படையல் கோதுமை கொண்டாந்திருக்காங்க. வார்டு முழுக்கச் சாப்பிட்டாச்சு. சுகர்னு சொல்லித் தப்பிக்கப் பாக்காதீங்க."

அவள் போனதும் அக்லாயா கறுப்பு முக்காட்டோடு வந்து கிண்ணத்தை நீட்டினாள். லிவியு ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டு, வழக்கப்படி, "ஆண்டவர் மன்னிக்கட்டும்" என்றார்.

"பேரச் சொல்லணும் டாக்டரய்யா. சொல்லலன்னா போய்ச் சேராது."

"நிகிஃபோரை."

"மத்த பத்துப் பேர?"

மெல்லுவதை நிறுத்தினார்.

அவர்களுக்கெல்லாம் அவர் நரம்பில் ஏற்றியது மக்காச்சோள மாவிலிருந்து செய்த திரவம். ரத்தம் கொட்டிக் கிடந்தவர்களை நிமிடங்களில் தூக்கி நிறுத்தியதைக் கண்ணால் கண்டவர் அவர். அந்தப் பெருமையில், ரத்தத்தில் கிருமி பரவியவர்களுக்கும் பை பையாக ஏற்றினார். பதினோரு பேரின் சிறுநீரகம் நின்றுபோய், அத்தனை பேரும் இறந்தார்கள். தன் ஆய்வுக் கட்டுரையிலிருந்து அந்தப் பதினோரு பேரையும் நீக்கினார். நாளை விசாரணைக் குழு வருகிறது. அவர்களுடைய கோப்புகளை நேற்றே கொதிகலன் நெருப்பில் போட்டுவிட்டார்.

"உனக்கு யாரு சொன்னா?"

"அவருதான். அங்க எல்லாரும் ஒண்ணாத்தான் இருக்காங்களாம்."

அரிப்பு முழங்கைக்கு ஏறியது. கழுத்துக்கு. கண்ணிமைக்கு உள்ளே. காலையிலிருந்து ஒரு சொட்டுச் சிறுநீர்கூடப் போகவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான். கதவு நிலையில முதுகத் தேச்சுத் தேச்சு, சட்டையெல்லாம் ரத்தம். நீங்க வயசுக் கோளாறுன்னு சொல்லி அனுப்பிட்டீங்க."

சொறிந்தார். தோல் கிழிந்தது. ரத்தம் வரவில்லை. வெள்ளையாக, கூழ்போல, ஏதோ திரண்டு வழிந்தது.

"எழுதித் தர்றேன்மா. எல்லாத்தையும் எழுதித் தர்றேன். இத நிறுத்தச் சொல்லு."

அவள் காகிதத்தை நகர்த்தி வைத்தாள். "பதினோரு பேரையும் எழுதுங்க. நின்னுடும்."

பேனாவை எடுத்தார். நிகிஃபோர். பிறகு?

படுக்கை நான்கு. படுக்கை ஒன்பது. படுக்கை பன்னிரண்டு. எண்கள் வந்தன. முகம் ஒன்றுகூட வரவில்லை.

கதவின் மங்கல் கண்ணாடிக்கு வெளியே நிழல்கள். நெருக்கமாக. கைகள் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தன. நகங்கள் தோலில் உரசும் சத்தம். மூச்சுக் கருவிகளின் அதே தாளத்தில்.

அக்லாயா குனிந்து காகிதத்தைப் பார்த்தாள்.

"படுக்கை நம்பர் வேணாம் டாக்டரய்யா. இந்த நாலாம் நம்பர்ல கிடந்தவன் பேரு என்ன?"