பச்சைப் பாவாடைக் கொடி

எங்கள் லெசோத்தோ மலைகளில் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் ஒரு கம்பு, அதில் ஒரு துணி, அவ்வளவுதான். சிவப்பு என்றால் இறைச்சி. பச்சை என்றால் கீரை. வெள்ளை பெரியவர்கள் சமாச்சாரம், அது நமக்கு வேண்டாம்.

லிம்போவின் வீட்டில் பச்சைக் கொடி. அதுவும் லிம்போவின் பழைய பாவாடை! அப்பா எல்லை தாண்டி, தென்னாப்பிரிக்கச் சுரங்கத்தில் வேலை செய்தார். அம்மா மலைச்சரிவில் கீரை போட்டு விற்றார். அம்மாவை ஊரே ‘மாலிம்போ’ என்று கூப்பிடும். லிம்போவின் அம்மா என்று பொருள். மூத்த பிள்ளையின் பெயருக்கு முன்னால் ஒரு ‘மா’ சேர்த்தால் தாயின் பெயர் தயார்.

நலேலி பள்ளியில் வந்து சேரும்வரை லிம்போவுக்குக் கொடியைப் பற்றிக் கவலையே இல்லை. நலேலி தலைநகரத்துப் பெண். அவள் அப்பா சாலை போடும் வேலைக்காக வந்து, கீழே வேலையாட்களோடு கூடாரத்தில் தங்கியிருந்தார்.

“எங்க தெருவுல கண்ணாடிக் கதவு போட்ட கடைதான். இங்க என்னடான்னா கிழிசல் துணியைக் கட்டி விக்கிறாங்க” என்று நலேலி விழுந்து விழுந்து சிரித்தாள். லிம்போவும் கூடவே சிரித்து வைத்தாள்.

“நாளைக்கு உன்கூட உங்க வீட்டு வழியா வரேன்” என்றாள் நலேலி.

லிம்போ சரி என்று தலையாட்டி வைத்தாள்.

மறுநாள் காலை அம்மா சரிவில் கீரை அறுத்துக்கொண்டிருந்தார். லிம்போ கொடியை அவிழ்த்தாள். மடித்துப் புத்தகங்களுக்கு அடியில் திணித்தாள். திரும்பிப் பார்க்காமல் பள்ளிக்கு ஓடினாள்.

மாலையில் இருவரும் நடந்து வந்தார்கள். தன் வீட்டு வாசல் வந்ததும், அது தன் வீடு என்று சொல்லாமல் கடந்து போகப் பார்த்தாள் லிம்போ.

“ஏன் இங்க வெறும் கம்பு நிக்குது?” என்றாள் நலேலி.

“யாருக்குத் தெரியும்” என்றாள் லிம்போ.

அப்போதுதான் அம்மா ஆற்றுப் பக்கமிருந்து மூச்சு வாங்க ஏறி வந்தார். தோளில் சுற்றியிருந்த போர்வை முழுக்க முள். காலில் சிராய்ப்பு. வாசலில் காலையில் அறுத்த கீரை அப்படியே வாடிக் கிடந்தது.

“பிள்ளைங்களா, வழியில பச்சைத் துணி ஏதாச்சும் பாத்தீங்களா? காத்து கொண்டு போயிடுச்சு. ஆறு வரைக்கும் தேடிட்டேன்.”

“யாரு இவங்க?” என்று நலேலி மெல்லக் கேட்டாள்.

“பக்கத்து வீட்டு அத்தை.”

சொன்ன பிறகுதான் அம்மாவின் காதில் விழுந்துவிட்டது தெரிந்தது. அம்மா ஒரு கணம் லிம்போவைப் பார்த்தார். பிறகு குனிந்து போர்வையிலிருந்து முள்ளை எடுக்கத் தொடங்கினார்.

“ஆமாம்மா. பக்கத்துலதான் இருக்கேன்” என்றார்.

பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது லிம்போவுக்கு. பூமி அசையவில்லை. வழக்கமாகக் கீரை வாங்கும் மொலெஃபி மாமாதான் குதிரையில் வந்து சேர்ந்தார்.

“மாலிம்போ! காலையில கொடியைக் காணோமேன்னு நேரா போயிட்டேன். வீட்ல இன்னிக்கு வெறுங்களிதான். என்ன லிம்போ, உங்கம்மா கடையை மூடிட்டாங்களா?”

நலேலி லிம்போவைப் பார்த்தாள். பிறகு மாலிம்போவைப் பார்த்தாள். அந்தப் பெயருக்கு அவளிடம் யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை.

லிம்போவின் காது இரண்டும் எரிந்தன. பையைத் திறந்து பாவாடையை வெளியே எடுத்தாள்.

“காத்து இல்லம்மா. நான்தான் எடுத்தேன். இவ சிரிப்பாளேன்னு.” அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. “நலேலி, இவங்க எங்கம்மா.”

“நான் சிரிச்சது தப்புதான்” என்றாள் நலேலி. “அதுக்காக அம்மாவையே இல்லைன்னுடுவியா?”



அம்மா ஒரு கீரைக்கட்டைத் தூக்கிப் பார்த்தார். “நாளைக்கு இது மாட்டுக்குத்தான். இருட்டப் போகுது, இனிமே கொடியை யாரு பாப்பாங்க?”

லிம்போ யோசித்தாள். பாவாடையைக் கம்பில் இறுக்கிக் கட்டினாள். கம்பைப் பிடுங்கித் தோளில் வைத்துக்கொண்டாள்.

“நலேலி, உங்க கூடாரத்துல ராத்திரிக்கு என்ன சாப்பாடு?”

“டப்பா பீன்ஸ். தினமும் அதேதான். எங்கப்பா கீரை கீரைன்னு புலம்புறாரு.”

“மாமா, குதிரையில கீரையை ஏத்திக்கலாமா?”

“எனக்கு ரெண்டு கட்டு எடுத்து வச்சா ஏத்திக்கலாம்” என்றார் மொலெஃபி.

கொடி முன்னால் போனது. குதிரை பின்னால் வந்தது. கூடாரத்து ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

“அடேய், பாவாடை பறக்குதுடா” என்று ஒருவர் சிரித்தார். லிம்போவுக்கு முகம் சிவந்தது. ஆனாலும் கம்பைத் தாழ்த்தவில்லை.

சமையல்காரர் கீரையை முகர்ந்து பார்த்தார். “தண்ணி தெளிச்சா நிமிர்ந்துடும். யார் வீட்டுக் கீரை?”

“மாலிம்போ வீட்டுக் கீரை” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள் லிம்போ. “நான்தான் லிம்போ.”

ஒரு கட்டுகூட மிஞ்சவில்லை.

வீடு திரும்பியதும் கம்பைப் பழைய இடத்தில் நட்டாள். ஆனால் உள்ளே போகக் கால் வரவில்லை. இருட்டில் கொடிக்கடியிலேயே நின்றாள்.

கதவு திறந்தது. களி வாசனை வந்தது.

“பக்கத்து வீட்டுப் பொண்ணே” என்று அம்மா கூப்பிட்டார், “களி ஆறிப்போகுது. உள்ள வா.”

லிம்போவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஓடிப்போய் அம்மாவின் போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அதில் இன்னும் ஒரு முள் இருந்தது. குத்தியது. அவள் முகத்தை எடுக்கவில்லை.