மூன்றாவது கட்டை

"உங்க வீட்டுல எத்தனை பேர்?" என்று யாராவது கேட்டால், ஐந்து பேர் என்பேன். அப்பா, அம்மா, நான், தம்பி, அப்புறம் தொப்பை.

தொப்பை என்பது அப்பாவின் பழைய பிக்கப் வண்டி. கட்டிலும் அலமாரியும் சுமந்து சுமந்தே அதன் ஸ்பிரிங் பட்டைகள் தளர்ந்துபோயிருந்தன. வேகத்தடை வந்தால் போதும், அடிவயிறு உரசி 'கர்ர்ர்' என்று கத்தும். பள்ளி வாசலில் அந்தச் சத்தம் கேட்டதும், "உங்க தொப்பை வந்துடுச்சு!" என்று வகுப்பே சிரிக்கும். எனக்கு மானம் போகும். இன்று நினைத்தால் அந்தச் சத்தத்துக்காக ஏங்குகிறேன்.

அப்போது எனக்குப் பதினொரு வயது, தம்பிக்கு ஏழு. ஒல்லியாக, குட்டையாக இருப்பான். அதனால் அவன் பெயர் குண்டூசி.

தொப்பையின் முன் சீட்டு எனக்குத்தான் சொந்தம். அம்மா போட்ட சட்டம் அப்படி. கதவின் கைப்பிடியைத் தலை தொட்டால்தான் முன் சீட்டு. அதைவிடக் குட்டை என்றால் சீட் பெல்ட் தோளில் உட்காராமல் கழுத்தை அறுக்கும். அதுவரை ஓட்டுநருக்குப் பின்னாலிருக்கும், ஜன்னலில்லாத குறுகலான பின் சீட்டு. அங்கிருந்து அப்பாவின் பிடரியும் அதிலிருக்கும் மச்சமும்தான் தெரியும்.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அளவெடுப்பு நடக்கும். குண்டூசி தொட்டுவிட்டால் அன்றைய சவாரி அவனுக்கு, அப்புறம் இருவரும் முறை போட்டு உட்கார வேண்டும். போன மாதம் குண்டூசி ஒரே ஒரு விரல் குறைவு. அன்றிலிருந்து அவன் பட்ட பாடு இருக்கிறதே! ஜன்னல் கம்பியில் தொங்கினான். நீட்டி நிமிர்ந்து தூங்கினான். தினமும் காலையில் பல் துலக்குவதற்கு முன்பே வண்டியருகே போய் நின்று பார்த்தான்.

வியாழக்கிழமை மூச்சிரைக்க ஓடிவந்தான். "அக்கா! தொட்டுடுச்சுக்கா! தலை கைப்பிடியைத் தொட்டுடுச்சு!"

"ஞாயித்துக்கிழமை அளந்தாத்தான் கணக்கு," என்றேன். பொறாமைதான், வேறென்ன?

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா துறைமுகத்துக்கு ஓர் அலமாரி கொண்டுபோக வேண்டியிருந்தது. வழியெல்லாம் கடலும் கப்பலும் தெரியும். ஆனால் முன் சீட்டில் இருந்தால்தான்.

சனிக்கிழமை காலையில் அத்தை வந்தார். அத்தை அப்பாவின் அக்கா, சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக். தொப்பையைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு அப்பாவிடம் கேட்டார்: "ஏன்டா, நீ வண்டி ஓட்டுறியா, ரோட்டைப் பெருக்குறியா?"

"அதான் உன்னைக் கூப்பிட்டேன்க்கா," என்று அப்பா தலையைச் சொறிந்தார்.

"ரெண்டு அங்குலம் தூக்கிடலாம். அதுக்கு மேல வேண்டாம். திருப்பத்துல ஆட்டம் போடும்."

பையைக் கவிழ்த்தார். செங்கல் நீளத்தில், இரண்டு அங்குல உயரத்தில் மூன்று இரும்புக் கட்டைகள் விழுந்தன.

"பின்னால ரெண்டு சக்கரம்தானே அத்தை? எதுக்கு மூணு?" என்றேன்.

அத்தை விரல் விட்டு எண்ணினார். "அட, பேச்சு சுவாரசியத்துல ஒண்ணு கூடுதலா வெட்டிட்டேன். வாயை மூடிட்டு வேலையைப் பாருங்க!"

வண்டியை ஜாக்கியில் ஏற்றி நிறுத்தினார்கள். பின் அச்சுக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் நடுவில் பக்கத்துக்கு ஒரு கட்டையை வைத்து, நீள போல்ட்டுகளால் இறுக்கினார்கள். முன்பக்கத்தில் பெரிய போல்ட் ஒன்றை முறுக்க முறுக்க மூக்கு மேலே எழுந்தது. குண்டூசி நாள் முழுக்க ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தான். முகமெல்லாம் கிரீஸ். "இன்னும் தூக்குங்க அத்தை, இன்னும்!" என்று குதித்தான்.

மாலையில் தொப்பை நெஞ்சை நிமிர்த்தி நின்றது.

ஞாயிற்றுக்கிழமை குண்டூசி குளித்து, தலைவாரி, கதவில் முதுகை ஒட்டி நின்றான். அத்தை அவன் தலைமேல் இரும்பு ஸ்கேலைப் படுக்க வைத்தார்.

ஸ்கேல் கைப்பிடிக்குக் கீழே போனது. முழுதாக இரண்டு அங்குலம் கீழே.

குண்டூசி எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தான். "அம்மா, நான் சுருங்கிட்டேனா?"

"ஐயோ, இதை ஒருத்தரும் யோசிக்கலையே!" என்று அம்மா வாயில் கை வைத்தார்.

"அதனால என்னடா, அடுத்த வருஷம் தொட்டுடுவே," என்றார் அப்பா. ஆறுதல் சொல்ல அப்பாவுக்கு எப்போதுமே வராது.

குண்டூசி வண்டிக்கு அடியில் தவழ்ந்துபோய் உட்கார்ந்துகொண்டான். இப்போதுதான் அங்கே இடம் இருந்ததே! உள்ளேயிருந்து விசும்பல் கேட்டது. "அத்தை, திரும்ப இறக்கிடுங்க..."

எனக்குள் ஒரு துள்ளல். இன்னும் ஒரு வருஷம் முன் சீட்டு எனக்குத்தான்! நான் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

ஆனால் அவன் கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நகத்தில் நேற்றைய கிரீஸ் இன்னும் போகவில்லை. சே, என்ன அக்கா நான்!

ஸ்பேனர் பெட்டியின் மேல் மூன்றாவது கட்டை சும்மா கிடந்தது. இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தேன்.

"அப்பா, வண்டி தானா வளர்ந்துச்சா?"

"இல்லம்மா, நாமதான் தூக்கினோம்."

"எதை வச்சு?"

"கட்டையை வச்சு."

"அப்ப தம்பிக்கும் அதே கட்டையை வைங்க. அதுதானே நியாயம்?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அதானே பார்த்தேன்! என் கை காரணமில்லாம மூணு வெட்டுமா?"

குண்டூசி வெளியே வந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு கட்டைமேல் ஏறி நின்றான். அத்தை மறுபடி ஸ்கேலை வைத்தார்.

'டிங்!' ஸ்கேல் கைப்பிடியில் இடித்தது.

"முடியை அமுக்குங்க அண்ணி. சட்டம்னா சட்டம்," என்றார் அம்மா.

அத்தை அமுக்கினார். 'டிங்!'

அம்மா அவனை முன் சீட்டில் உட்கார வைத்து பெல்ட்டை மாட்டிப் பார்த்தார். அது தோளில் ஒழுங்காக உட்கார்ந்தது. "சரி, கிளம்புங்க," என்றார்.

நான் பின் சீட்டில் ஏறினேன். வேகத்தடையில் தொப்பை சத்தமே போடாமல் ஏறி இறங்கியது. ஏனோ எனக்கு அது பிடிக்கவில்லை. துறைமுகம் வரை அப்பாவின் மச்சத்தைப் பார்த்துக்கொண்டே போனேன். ஆனால் முன்னாலிருந்து, "அக்கா, அதோ கப்பல்! அக்கா, இன்னொண்ணு!" என்று குரல் வந்துகொண்டே இருந்தது. ஒரு கப்பலைக்கூட அவன் எனக்குச் சொல்லாமல் விடவில்லை.

அதெல்லாம் எத்தனையோ வருஷத்துக்கு முன்னால். இப்போது தொப்பையை ஓட்டுவது குண்டூசிதான். வாசலில் தலை இடிக்காமலிருக்கக் குனிந்து வருகிற அளவுக்கு நெடுநெடுவென்று வளர்ந்துவிட்டான். பெயர் மட்டும் மாறவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் அதே கதவில் முதுகை ஒட்டி நின்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் குண்டூசி முன் சீட்டுக்கு அடியில் கையை விட்டான். துருப்பிடித்த அந்த இரும்புக் கட்டையை எடுத்து அவள் காலடியில் வைத்தான்.

"ஏறி நில்லு கண்ணு. நம்ம வீட்டு அளவு இதுதான்."

'டிங்!' என்றது கைப்பிடி.

நான் பின் சீட்டில் ஏறிக்கொண்டேன்.