அரத்தூன் மாளிகையின் அழுகுரல்

அரத்தூன் மாளிகைக்குள் போகப் போவதாக ரோஸ்லின் சொன்னதும், தெருவில் ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

தம்பி ஜெரால்டைக் காணாமல் இரண்டு நாளாகிவிட்டது. அவனுடைய நண்பன் காதர் அன்றுதான் வாய் திறந்தான். அந்தக் காலத்து ஆர்மீனிய வியாபாரி அரத்தூன் நிலவறையில் வெள்ளிக்கட்டிகளைப் புதைத்திருப்பதாக வேப்பேரியில் ஒரு பேச்சு உண்டு. அதைத் தேடித்தான் ஜெரால்டு தனியாகப் போயிருக்கிறான்.

மாளிகைக்கு எதிரே பூக்கடை வைத்திருந்த தேசம்மா ரோஸ்லினின் கையைப் பிடித்துத் தடுத்தாள். வியாபாரியின் மனைவி அந்த வீட்டில் உயிரை மாய்த்துக்கொண்டாளாம். அவள் ஆவி அழுது கூப்பிடுமாம். குரலைத் தேடிப் போனவர் திரும்புவதில்லையாம்.

"நேத்து காலையிலேர்ந்து அழுவுது கண்ணு. காதப் பொத்திக்கினு குந்தினு இருக்கோம்."

ரோஸ்லின் அவள் பக்கம் திரும்பினாள். "ஆம்பளக் குரலா, பொம்பளக் குரலா?"

"பேய்க் குரல்ல அதெல்லாம் யாரு பாத்தா?"

அதற்குமேல் ரோஸ்லின் நிற்கவில்லை. காதர் கயிறும் டார்ச்சும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினான்.

உள்ளே நடுப்பகலிலும் இருட்டு. தலைக்கு மேல் வௌவால்கள் படபடத்தன. தரைப்பலகை உளுத்துப்போய்க் கிடந்தது. சுவரோரமாகக் கால்வைத்து நகர்ந்தார்கள். திடீரெனக் காலடியில் ஒரு முனகல்! ரோஸ்லின் அப்படியே நின்றாள். ஒரு கணம் அது பெண் குரலாகவே அவளுக்குக் கேட்டது. திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தாள். ஆனாலும் முனகல் வந்த பக்கமே போனாள்.

மாடிப்படிக்குப் பின்னால் பலகை உடைந்து பெரிய ஓட்டை. டார்ச் வெளிச்சத்தில், கீழே நிலவறையில் ஜெரால்டு கிடந்தான். கயிற்றைத் தூணில் கட்டி ரோஸ்லின் இறங்கினாள். அவன் கால் எலும்பு முறிந்திருந்தது, உதடு வெடித்திருந்தது. தண்ணீர் உள்ளே போன பிறகுதான் அவனுக்குப் பேச்சு வந்தது. மூலையைக் காட்டினான்.

"ராத்திரியெல்லாம் இவர் கூடத்தான்க்கா இருந்தேன்."

சுவரில் சாய்ந்தபடி ஒரு எலும்புக்கூடு. மேலே மக்கிய சட்டை, பக்கத்தில் துருப்பிடித்த டார்ச். வெள்ளி எதுவும் இல்லை.

தம்பியின் இடுப்பில் கயிற்றைக் கட்டி, காதர் மேலிருந்து இழுக்க, அவள் கீழிருந்து தாங்கினாள். மூவரும் வாசலுக்கு வந்தபோது தெருவே கூடிக் கைதட்டியது. ஆம்புலன்ஸுக்கு யாரோ போன் செய்தார்கள். எலும்புக்கூட்டைப் பற்றிக் காதர் சொன்னதும் கைதட்டல் அடங்கிப்போனது.

தேசம்மா மெதுவாகப் பக்கத்தில் வந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"ஆறேழு வருசம் முன்ன, மழைக்காலத்துல இதே மாரி கேட்டுச்சும்மா. மூணாம் நாள் நின்னுபோச்சு. பேய் அடங்கிச்சுன்னு எல்லாரும் கற்பூரம் ஏத்துனோம்."

ரோஸ்லினால் அவளைத் திட்டவும் முடியவில்லை, தேற்றவும் முடியவில்லை. முனகலைக் கேட்டுத் தானும் ஒரு கணம் திரும்ப நினைத்தவள்தானே. போலீஸ் வந்ததும் இதை அப்படியே அவர்களிடம் சொல்லும்படி மட்டும் கேட்டுக்கொண்டாள்.

"சொல்றேன்," என்றாள் தேசம்மா. "அவனுக்கும் ஒரு அக்கா இருப்பா இல்ல."