கொதி ஆறாத வண்டி

எஞ்சினை நிறுத்தித் திறப்பை உருவிக் கையில் வைத்துக்கொண்ட பிறகும் சூட்டு முள் ஏறிக்கொண்டிருந்தது. கரண்ட் போனால் விழுந்து படுக்கிற முள் அது. அன்றைக்கு, ஆரும் பார்க்காத நேரம் அடுக்களைக்குள் நுழையும் பூனை மாதிரி, மெல்ல மெல்லச் சிவப்புக் கோட்டை நோக்கிப் போனது. ஜெறோம் விரலால் கண்ணாடியில் தட்டினான். முள் ஒருக்கால் நின்று, பிறகு ஏறியது.

காலை வேளைதான். ஆனால் மாரி இருட்டு அளவெட்டி முழுக்க மூடிக் கிடந்தது. பாலேஸ்வரி அம்மாவின் வீட்டுப் படலையடியில் வானை நிறுத்தி, அவர் வெளிக்கிட்டு வரும்வரை காத்திருந்தான். அன்றைக்குத்தான் அவருடைய கணவர் கதிரவேலுவின் அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள் கிரியை. உறவினர்கள் ஐயரோடு முன்னுக்கே கீரிமலைக்குப் போய்விட்டார்கள். அம்மா மட்டும் ஜெறோமின் வானில்தான் வருவேன் என்று பிடிவாதமாக நின்றுவிட்டார். "அவர் கடைசியாப் போனது உங்கடை வானிலைதானே தம்பி. நானும் அதிலையே வாறன்."

மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும். அவனிடம் இருந்த காரணமோ வெளியில் சொல்லக்கூடியதல்ல.

நாலு லட்சம் கிலோமீற்றர் ஓடிக் களைத்த டீசல் வான் கொதிப்பது ஒரு புதினமா? இல்லைத்தான். ஆனால் இந்தக் கொதிக்கு ஒரு நியாயமும் கிடையாது. உச்சி வெயிலில் ஆட்களை அடைத்துக்கொண்டு பருத்தித்துறைக்குப் போய் வந்தால் கொதிக்காது. குருநகரில் வீட்டு வாசலில், வேப்பமர நிழலில், சும்மா நிற்கும்போது கொதிக்கும். கிறகோரி அண்ணையின் கராச்சில் கொண்டுபோய் விட்டான். அவர் றேடியேற்றர் மூடியைப் பார்த்தார், ஃபான் பெல்ற்றை அழுத்திப் பார்த்தார், தண்ணீர்ப் பம்பைக் கழற்றிப் பூட்டினார். தேர்மோஸ்ரற்றைக் கேத்தில் தண்ணீருக்குள் போட்டுக் கொதிக்கவைத்து, அது வாய் திறக்கிறதா என்று குந்தியிருந்து பார்த்தார். ஒழுங்காகத் திறந்தது. கேஸ்கற் போயிருந்தால் றேடியேற்றர் வாயில் குமிழி வரும். ஒரு குமிழியும் இல்லை. கடைசியில் பழைய தண்ணீரைத் திறந்துவிட்டபோதுதான் அவர் முகம் மாறியது. சாம்பல் நிறத்தில், நறநறவென்று, அடுப்பில் பொங்கித் தீய்ந்த பாலின் மணத்தோடு வந்து விழுந்தது அது. வடிகட்டியில் வெள்ளையாக ஒரு சில்லு தங்கியது.

"எங்கையிருந்து தண்ணி எடுத்து விட்டனி?"

"கிணத்துத் தண்ணி அண்ணை."

"கிணத்துக்கை ஆரும் அடுப்புச் சாம்பல் கொட்டினவையோ?"

ஜெறோமின் காது சுட்டது. அந்தச் சில்லு சிப்பியல்ல, கல்லுமல்ல என்று அவனுக்குத் தெரியும். அண்ணை பார்க்காத நேரம் அதை எடுத்து வாய்க்காலுக்குள் எறிந்தான். எறிந்த கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான்.

நடந்தது இவ்வளவுதான். காடாத்து முடிந்த அன்று, பாலும் இளநீரும் விட்டு ஆற்றிய சாம்பலையும் எலும்பையும் மண்முட்டியில் போட்டு, வாயை வெள்ளைத் துணியால் கட்டி வைத்திருந்தார்கள். பிள்ளைகள் இரண்டும் வெளிநாட்டில். கீரிமலைக் கடலுக்குக் கொண்டுபோக இருந்த மருமகன் காய்ச்சலில் விழுந்துவிட்டான். "நான் கொண்டுபோய்க் கரைச்சு விடுறன் அம்மா, நீங்கள் யோசியாதேங்கோ" என்று வாய் கொடுத்தவன் ஜெறோம். பாதி வழியில், போரோடு ஆட்கள் போய்த் திரும்பி வராத அந்தத் துண்டில், வான் கொதித்து நின்றது. கூரையில்லாத ஒரு வீட்டு வளவில் கிணறு இருந்தது. தண்ணீர் கொண்டுவரத்தான் ஏனமில்லை. அன்றைக்கு அவன் தண்ணீர்க் கான் கொண்டுவரவில்லை. முட்டி ஒன்றுதான் இருந்தது.

சாம்பலை எருக்கலைப் பற்றைக்குள் கொட்டினான். கழுவக்கூட இல்லை. அதே முட்டியால் அள்ளி அள்ளி றேடியேற்றருக்குள் ஊற்றினான். முடிந்ததும் முட்டியைப் பற்றைக்குள் வீசிவிட்டுத் திரும்பிப் போனான். கிணற்றுத் தண்ணீரில் நனைந்த இடுப்புச் சாரத்தோடு வந்து இறங்கியவனைப் பார்த்து அம்மா அழுதார். "கரைச்சாச்சோ தம்பி?"

"ஓம் அம்மா. இடுப்பளவு தண்ணிக்கை இறங்கிக் கரைச்சனான்."

அந்த இடுப்பளவு! கேட்காமலே சொன்னான். அம்மா உள்ளே போய்த் துவாய் கொண்டுவந்து, பெற்ற பிள்ளைக்குத் துவட்டுவதுபோல அவன் தலையைத் துவட்டிவிட்டார். அதற்குப் பிறகு ஞாயிறு பூசையில் நற்கருணை நன்மை எடுக்க எழும்பக் கால் வரவில்லை. மனைவி மேர்சி பக்கத்திலிருந்து ஒரு மாதிரிப் பார்த்தாள். வெட்கம் என்றால் உடம்பெல்லாம் வெட்கம்.

அம்மா வெள்ளைச் சேலையோடு வந்து பின் சீற்றில் ஏறினார். வான் வெளிக்கிட்டது.

மழை தூறியது. கண்ணாடித் துடைப்பான் கிறீச் கிறீச் என்று இழுபட்டது. முன் கண்ணாடியில் தொங்கிய செபமாலை ஆடியது. எஞ்சின் சூட்டை இறக்குவதற்காக ஹீற்றரைப் போட்டுக் கண்ணாடிகளை இறக்கிவிட்டான். உள்ளே வந்த காற்றில் தீய்ந்த பாலின் மணம் கிடந்தது.

"அவர் வெக்கை தாங்கமாட்டார் தம்பி," என்றார் அம்மா, சும்மா கதை சொல்வதுபோல. "மாரியிலையும் ஃபான் போட்டுத்தான் படுப்பார்."

இப்போது சொல்லிவிடலாம். "அம்மா..." என்று தொடங்கினான்.

"என்ன தம்பி?"

"ஒண்டுமில்லை. மழை பலக்கும் போலை."

கூரையில்லாத வீட்டுக்கு நேரே எஞ்சின் தானாக நின்றது. நிற்கும் என்று அவனுக்கு முன்னமே தெரிந்திருந்தது.

பொனற்றைத் தூக்கினான். மேல் குழாய் தொடமுடியாத சூடு, கீழ்க் குழாய் பச்சைத் தண்ணீராகக் குளிர்ந்தது. பழந்துணியைச் சுற்றி மூடியைத் திருகினான். ஆவி சீறவில்லை. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீரில்லை. கொண்டுவந்த கானைக் கவிழ்த்தான். கடக், கடக் என்று, தாகத்தில் கிடந்தவர் குடிக்கிற சத்தத்தோடு அது உள்ளே போனது. வாய்வரை ஏறவேயில்லை. குனிந்து அடியில் பார்த்தான். ஒழுக்கு இல்லை. எண்ணெய்க் கம்பியை இழுத்துப் பார்த்தான். எண்ணெயில் தண்ணீர் கலக்கவில்லை. பிறகு, போன தண்ணீர் எங்கே?

"இன்னும் விடுங்கோ தம்பி," என்றார் அம்மா உள்ளேயிருந்து.

கானோடு கிணற்றடிக்குப் போனான். எருக்கலையைப் பார்க்காமல் நடந்தான். நனைந்த சுவர். பாசி மணம். கிணற்றுக் கட்டில் ஏதோ இருந்தது.

முட்டி.

வீசிய முட்டி. கழுத்தில் வெள்ளைத் துணி. நிமிர்ந்து நின்றது. வாய்வரை தண்ணீர்.

"அந்த முட்டியையே கொண்டாங்கோ," என்று றோட்டிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

அங்கிருந்து கிணறு தெரியாது. சுவர் மறைக்கும்.

கான் கையிலிருந்து விழுந்தது. முட்டியைத் தூக்கினான். ஏன் தூக்கினான் என்று அவனுக்கே தெரியாது. முட்டி சுட்டது. உள்ளே தண்ணீர் குளிர்ந்தது. நடந்தான். இனி ஓடவும் வெட்கமாயிருந்தது.

வானில் அம்மா ஒதுங்கி, சீற்றின் ஒரு கரையில் இருந்தார். மற்றப் பக்கம் ஆளுக்கு இடம் விட்டிருந்தது. குஷன் அழுந்தியிருந்தது.

அந்தப் பக்கத்து ஜன்னலால் இரண்டு கைகள் வெளியே நீட்டியிருந்தன. சாம்பல் நிறம். தண்ணீர் வாங்கிக் குடிக்கச் சேர்த்து ஏந்திய கைகள். மழைத்துளி அவற்றில் விழுந்து, சுர், சுர் என்று பொரிந்தது.

"பாத்து ஊத்துங்கோ தம்பி, கை சுட்டுப்போடும்," என்றார் அம்மா. கோபமே இல்லாத குரல். அவன் தலையைத் துவட்டியபோது இருந்த அதே குரல். "கடல்லை விட்டிருந்தா இதுக்கிடையிலை ஆறியிருப்பார்."

ஊற்றினான். ஆவி எழும்பி அவன் முகத்தில் அடித்தது. பால் மணம். ஊற்றினான். முட்டி கவிழ்ந்து, கடைசித் துளியும் சொட்டி முடிந்தது.

கைகள் உலர்ந்தபடியே ஏந்தி நின்றன.