பொறியாளரின் திங்கட்கிழமைக் கடிதம்

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கணினி ஆலோசகரின் வீட்டுக்கு வந்த பெண் குடையைக்கூட மடக்காமல் உள்ளே நுழைந்தாள். கட்டட வரைபடம் போடும் சிறிய அலுவலகம் ஒன்றில் தட்டச்சு வேலை பார்ப்பவள். சனிக்கிழமைதான் ஆலோசகர் அந்த அலுவலகத்தின் மின்னஞ்சல்களைப் பழைய சர்வரிலிருந்து புதியதற்கு மாற்றிக் கொடுத்திருந்தார். ஒன்று படுத்துவிட்டால் இன்னொன்று தாங்கிக்கொள்ளும்படி பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சர்வர்கள்.

"செத்துப்போனவர்கிட்டேருந்து மெயில் வந்திருக்கு மேடம்," என்றாள்.

அலுவலகப் பொறியாளர் மருத்துவமனையில் இறந்து ஐந்து வாரம் ஆகிறது. இன்று காலை பெட்டியைத் திறந்தால், எல்லாவற்றுக்கும் மேலே அவர் கடிதம். அதை அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தாள்.

'எல்லோருக்கும். மூன்றாம் மாடியில் சர்வர் பக்கத்துத் தூணில் விரிசல். நான் படுக்கையில் விழும்வரை நாளுக்கு நாள் அகலமாகிக்கொண்டிருந்தது. லிஃப்ட் சரியாகட்டும் என்று காத்திருக்காமல் உடனே காலி செய்யுங்கள்.'

"பேயா அண்ணி?" என்றான் ஆலோசகரின் கொழுந்தன். அண்ணியோடு எல்லா வேலைக்கும் ஓடுகிறவன். ஆர்வம் கொஞ்சம் அதிகம். ஆலோசகர் அமைதியாக அலுவலகத்துக்குப் போன் போட்டு, படம் வரைபவரை அழைத்து, எல்லோரையும் உடனே தெருவுக்கு இறக்கச் சொன்னார். பிறகுதான் கேள்விகள்.

லிஃப்ட் சரியாகி ஒரு மாதம் ஆகிறதாம். முதலாளி முழங்கால் வலி என்று தன் அறையைக் கீழ்த்தளத்துக்கு மாற்றி ஆறு வாரம். தூணுக்குப் பலகை அடித்து மூடியதும் அப்போதுதான். பழைய சர்வரின் கடவுச்சொல் முதலாளிக்கும் படம் வரைபவருக்கும் மட்டுமே தெரியும். பொறியாளர் பெயரில் மெயில் வந்திருக்கிறது என்று மட்டும் இவள் போய்ச் சொல்ல, முதலாளி கோபமாக, "அந்தத் தூண்ல ஒண்ணுமில்ல, போய் வேலையைப் பாரு," என்றாராம்.

"படம் வரையறவர்தான் எழுதியிருப்பார் அண்ணி. கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆள் அவர் ஒருத்தர்தான்," என்றான் கொழுந்தன்.

பழைய சர்வரைத் தூக்கிப் போடுங்கள் என்று முதலாளி இரண்டு முறை சொல்லியும், வழக்கப்படி ஒரு வாரம் இருக்கட்டும் என்று ஆலோசகர் அதைத் தன் வீட்டிலேயே வைத்திருந்தார். அதை ஓடவிட்டுக் கால் மணி நேரம் பார்த்தார். பிறகு மூவரும் புறப்பட்டார்கள்.

அலுவலகத்தார் தெருவில் நின்றார்கள். ஆலோசகரும் கொழுந்தனும் மட்டும் படியேறிப் போய்ப் பலகையை நெம்பினார்கள். விரிசலுக்குள் அவன் விரல் முழுசாக நுழைந்தது. உள்ளிருந்து மணல் பொடிப்பொடியாக உதிர்ந்துகொண்டே இருந்தது. ஓரடி தள்ளி, அவர் சனிக்கிழமை வைத்த இரண்டு சர்வர்களும் பேட்டரிகளும்.

"இவ்வளவு பாரத்தையும் இங்க வச்சது நான்," என்றார். இருவரும் சத்தமில்லாமல் இறங்கினார்கள்.

தெருவில் முதலாளியும் வந்து நின்றார். ஆலோசகர் நிதானமாகச் சொன்னார். பேயும் இல்லை, போலியும் இல்லை. லிஃப்ட் ஓடாத நாளில், படுக்கையிலிருந்து பொறியாளரே எழுதிய கடிதம் அது. ஆறு வாரத்துக்கு முன்பு, யாரும் திறப்பதற்குள், எல்லோர் பெட்டியிலிருந்தும் அதை எடுத்து மறைவான இடத்துக்குத் தள்ளிவிட்டார் ஒருவர். சனிக்கிழமை, சிதறிக் கிடந்த கடிதங்களை உரியவர் பெட்டியில் ஆலோசகர் சேர்த்தபோது இதுவும் புதுக் கடிதம்போல மேலே வந்துவிட்டது.

"எல்லார் பிரதியும் படிக்காமலே கிடந்துச்சு சார். உங்களுது மட்டும்தான் அன்னிக்கே திறந்திருந்துது."

இன்று காலைதான் படித்ததாக முதலாளி சொன்னார்.

"உங்க புதுப் பெட்டிக்கு நான் இன்னும் பாஸ்வேர்டே தரலையே சார். மெயில் தூணைப் பத்தினதுன்னு காலையிலேயே எப்படித் தெரிஞ்சுது?"

தூண் உறுதியாக இருக்கிறது, மழைக்காலம் முடிந்ததும் பூசிவிடலாம் என்றிருந்தேன் என்று அவர் முணுமுணுத்தார்.

"சரி. அப்ப வாங்க, மேல உங்க பழைய நாற்காலியில உக்காந்து பேசுவோம்."

முதலாளி அண்ணாந்து மூன்றாம் மாடியைப் பார்த்தார். கால் தானாக ஓரடி பின்னால் போனது.

ஆறு வாரமாக அந்தத் தூணில் முதுகைச் சாய்த்து வேலை செய்த படம் வரைபவர் அப்படியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார். தட்டச்சுப் பெண் முதலாளியிடம் போய் நின்றாள்.

"ரெண்டு தடவை என் பொண்ணையும் கூட்டிட்டு வந்தேன் சார்," என்றாள். "நீங்கதான் அவளுக்குச் சாக்லேட் குடுத்து மேல அனுப்பினீங்க."