அடுப்பில் கவிழ்ந்த பானை

வெனிங் வீட்டுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காலை ஒன்பது மணி இருக்கும். காலாவின் கூத்தைப் பகலில்தான் ஆடுவோம். வெனிங்கின் அப்பா பார்ஜோ முன்கூடத்தில் தோல்பாவைகளைக் குத்தி நிறுத்த வாழைத்தண்டைக் கிடத்திவிட்டு, பிஸ்மில்லா சொல்லியபடியே காலாவுக்குப் படையல் வைத்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு பக்கமும் சொல்லிவைத்துவிடுவார்கள். நான் நிழற்கூத்துக்குப் பாடுகிறவள். கூத்தர் கீ கொந்தோவுடன் பதினாறு வருஷமாக ஊர் ஊராகப் போகிறேன். பயமெல்லாம் பார்க்க வருகிறவர்களுக்குத்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

சிவனை நாங்கள் பத்தாரா குரு என்போம். அவர் பெற்ற பிள்ளைதான் காலா. பசி அடங்காத அந்தப் பிள்ளைக்கு யார் யாரைத் தின்னலாம் என்று அவரே சொல்லிக் கொடுத்தார். கூடப்பிறப்பு இல்லாத ஒற்றைப் பிள்ளையைத் தின்னலாம். சோறு அவிக்கும் பானையை அடுப்பில் கவிழ்த்தவரையும் தின்னலாம். கூத்தில் பெயர் சொல்லி மீட்டால்தான் விடுவான்.

ஒன்பது வயது வெனிங் ஒற்றைப் பிள்ளை. மூன்று வாரமாகக் காய்ச்சல் இறங்கவில்லை. வெள்ளைத் துணி சுற்றி அவளைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். பகலானாலும் திரைக்குப் பின்னால் விளக்கு எரிந்தது.

கீ கொந்தோ அவள் பெயரை ஓதி முடித்ததும், தொண்டைக்கு இஞ்சித் தண்ணீர் கேட்டு அடுக்களைக்குப் போனேன். நான் நுழையவும் பானை சாயவும் சரியாக இருந்தது.

செப்புப் பானை. தண்ணீர் கொட்டி அடுப்பு அணைந்துவிட்டது. சாம்பலெல்லாம் சோறு. கை தவறிக் கவிழ்த்துவிட்ட வெனிங்கின் அம்மா கினாசி வெறுங்கையால் அதை நிமிர்த்தினாள். கை சுட்டது அவளுக்கு உறைக்கவே இல்லை.

“பாத்துட்டியாக்கா?”

“வா, கூத்தர்கிட்ட சொல்லிடலாம். உன் பேரையும் சேத்துக்குவாரு.”

“சேத்தா முதல்லேருந்து ஆரம்பிக்கணும். புதுப் படையல், புது நாளு. நம்ம நாள்கணக்குல அவ பொறந்த நாளு மறுபடி வர முப்பத்தஞ்சு நாளாகும்.” குரலைத் தாழ்த்தினாள். “அதுவரைக்கும் தாங்குவாளாக்கா?”

என் தோளைப் பிடித்து வாசல் பக்கம் திருப்பினாள்.

“சொல்லிடாத. போய்ப் பாடு.”

போய்ப் பாடினேன்.

திரையில் காலா சிறுமியைக் கேட்டான். அவன் நெற்றியில் எழுதியிருக்கும் பழைய மந்திரத்தைக் கீ கொந்தோ படித்தார். படித்தவருக்கு அவன் கட்டுப்பட்டாக வேண்டும். வெனிங்கின் முடியில் ஒரு கொத்தை வெட்டிப் பூத்தண்ணீரில் போட்டார்கள். அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்த பார்ஜோ விசும்பி அழுதார். காய்ச்சல் விட்டிருந்தது.

காலாவின் பாவை வாழைத்தண்டில் இறுகக் குத்தியிருந்தது. திரையில் அதன் நிழல் மெல்லத் திரும்பியது.

அடுக்களைப் பக்கம்.

“நீங்க திருப்பினீங்களா?” என்று கூத்தரிடம் கிசுகிசுத்தேன்.

“என் ரெண்டு கையும் மடியில இருக்கு. நீ பாட்ட நிறுத்தாத.”

சோறு அடிப்பிடிக்கும் வாசனை வந்தது.

பாவை அங்கேயே நின்றது. திரையில் நிழலைக் காணோம்.

எழுந்து ஓட நினைத்தேன். கால் வரவில்லை. வாய் தன்போக்கில் பாடிக்கொண்டிருந்தது.

உள்ளே கினாசி ஒரே ஒரு முறை “அக்கா” என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

பாட்டு முடிந்த பிறகுதான் என்னால் எழ முடிந்தது. அடுக்களையில் யாரும் இல்லை. பின்கதவு உள்பக்கம் தாழ் போட்டபடியே இருந்தது. அணைந்த அடுப்பின் மேல் பானை நிமிர்ந்து நின்று ஆவி விட்டுக்கொண்டிருந்தது. வெள்ளைத் துணியை இழுத்துப் பிடித்தபடி வெனிங் என் பின்னால் வந்தாள்.

“அம்மா எங்க? எனக்குப் பசிக்குது.”

மூன்று வாரத்தில் அவள் பசி என்று சொன்னது அப்போதுதான்.

நாலு வருஷமாகிறது. பார்ஜோவிடம்கூட நான் வாய் திறக்கவில்லை. அன்று சொல்லியிருந்தால் இரண்டு பேரில் யார் மிஞ்சியிருப்பார்கள் என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

பாவைப் பெட்டியில் காலாவை அடியில் வைத்துத்தான் மூடுவோம். ஒவ்வோர் ஊரிலும் திறக்கும்போது அவன் மேலே இருக்கிறான். பல்லிடுக்கில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருக்கும். அதை எடுத்துப் போடுவது என் வேலை.

நேற்றும் எடுத்தேன். இன்னும் விரல் சுடுகிறது.