நயமானிக்கு ஒரு நல்ல வயர்

கல்யாணப் பந்தியில் சாப்பாடு எப்படி என்று இப்போதெல்லாம் யாரும் கேட்பதில்லை. சாப்பிடுகிறவரின் சட்டைப்பையைப் பார்த்தால் போதும். காதுக்குப் பின்னால் ஒரு பொத்தான், அதிலிருந்து பையிலுள்ள பெட்டிக்கு ஒரு சிறு வயர், பெட்டியின் முகப்பில் சிவப்பாக ஓர் எண். அதுதான் நயமானி. உள்ளே எவ்வளவு இன்பம் என்று நரம்பைக் கேட்டு நூற்றுக்குச் சொல்லும், முகத்தைக் கேட்காது. அது வந்த ஒரே வருடத்தில் கோவையில் மூன்று சமையல்காரர்கள் தொழிலை மாற்றினார்கள். ஒரு கவியரங்கம் பாதியிலேயே கலைந்தது.

வடவள்ளி மருதாசலம் மட்டும் அதை வீட்டுக்குள் விடவில்லை. அவர் நற்செவி மன்றத்தின் தலைவர். அந்த மன்றத்தில் யாரும் ஸ்பீக்கருக்குக் கடை வயர் மாட்டிப் பாட்டுக் கேட்பதில்லை. வெள்ளிக் கம்பியை அவரவரே முறுக்கி, பருத்தி நூல் சுற்றி, சால்டரிங் வைத்துக்கொள்வார்கள். மருதாசலம் தன் ஆம்ப்ளிஃபயருக்குப் பலா மரத்தில் நாலு தட்டு ரேக் செய்திருந்தார். ஒவ்வொரு தட்டிலும் சலித்த ஆற்று மணல், அதிர்வைக் குடிக்க. வயர் தரையைத் தொட்டால் ஒலி கெடும் என்று ஹால் கூரையின் ஊஞ்சல் கொக்கிகள் இரண்டிலும் அதைத் தொங்கவிட்டிருந்தார். ஊஞ்சல் பலகை பதினோரு வருடமாக ஸ்டோர் ரூம் கதவுக்குப் பின்னால் நின்றது.

அது அவர் மனைவி பூங்கோதையின் பலகை. சாயங்காலம் ஆடிக்கொண்டே முருங்கைக்கீரை உருவ வேண்டும் என்பதைத் தவிர அவளுக்குப் பெரிய ஆசை எதுவும் இருந்ததில்லை. வாயைத் திறந்தாலே, "உஸ்... பேசாத புள்ள. தட்டு அதிருது" என்பார் மருதாசலம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே ஒரு நயமானி வாங்கிக்கொண்டு வந்தாள்.

"ஏனுங்க, கண்ணைக் கட்டிக்கிட்டு உட்காருங்க. ஒருக்கா உங்க வெள்ளி வயரு, ஒருக்கா நம்ம பழைய டேபிள் ஃபேன் வயரு. நெம்பர்ல வித்தியாசம் வந்துச்சுன்னா நான் ஊஞ்சல் பேச்சையே எடுக்கலீங்க. வரலீன்னா நாளைக்கே கொக்கியைக் காலி பண்ணோணும்."

மறுத்தால் தலைவருக்கு அழகில்லை. மன்றச் செயலாளர் ஃபாரூக் சாட்சியாக வந்தார். முதலில் பூங்கோதை தன் காதில் மாட்டிப் பார்த்தாள். அவர் தினமும் கேட்கும் அதே வீணை இசைத்தட்டு, அதே வெள்ளி வயர்: முப்பத்தொன்று. "காலைல பழைய சோத்துக்கு நாப்பது வந்துச்சு" என்றபடி பொத்தானைக் கணவரிடம் கொடுத்தாள்.

துண்டால் கண்ணைக் கட்டினார்கள். வெள்ளி வயர்: அறுபத்திரண்டு. ஃபேன் வயர்: அறுபத்திரண்டு.

ஹாலில் ஒரு தட்டும் அதிரவில்லை. மருதாசலம் துண்டை அவிழ்க்காமலே உட்கார்ந்திருந்தார். ஃபாரூக்தான் நயமானியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணா, இந்த வயரைப் பாத்தீங்களா? பொத்தானுக்கும் பெட்டிக்கும் நடுவுல? கடைச் சரக்கு."

மருதாசலத்தின் முகத்தில் ரத்தம் திரும்பியது. "அதானே! இவ்வளவு மட்டமான வயர்ல வந்தா வெள்ளியும் ஒண்ணுதான், ஃபேனும் ஒண்ணுதான்."

"சோதனை செல்லாதுங்க அக்கா" என்று ஃபாரூக் ஃபேன் வயரை வெடுக்கென்று பிடுங்க, அதன் முனை கையோடு வந்துவிட்டது.

மூன்று நாள் உழைத்து மருதாசலம் நயமானிக்கே ஒரு வெள்ளி வயர் செய்தார். பட்டு நூல் சுற்றி மாட்டினார். கண்ணைக் கட்டவில்லை, கட்டினால் காதும் பாதி அடைபடுமாம். தொண்ணூற்றொன்று!

நயமானி பொய் சொல்லவில்லை. அது இன்பத்தை அளக்கும் கருவி. தன் கையால் முறுக்கிய வயர் தன் காதிலேயே தொங்குகிறது என்ற இன்பத்தை அது ஒழுங்காக அளந்தது. இதைத் தலைவரிடம் எடுத்துச் சொல்லும் அளவுக்கு அது வளர்ந்த கருவி அல்ல.

"இனி ஃபேன் வயரையும் வைங்க" என்றாள் பூங்கோதை.

"அதுதான் பிஞ்சு போச்சே! அந்தப் பிச்சைக்கார வயரை எவன் ஒட்டுவான்?"

பூங்கோதைக்குச் சுருக்கென்றது. அவள் வயரை அவள் வீட்டிலேயே பிச்சைக்காரன் என்பதா? "ஒருத்தனும் ஒட்ட வேண்டாம். நானே ஒட்டுறேன்" என்று சால்டரிங் அயர்னை எடுத்து உட்கார்ந்தாள். முதல் ஒட்டு உருண்டு விழுந்தது. இரண்டாவதில் கட்டைவிரல் சுட்டது. மூன்றாவது பளபளவென்று, மூக்குத்திக் கல் மாதிரி உட்கார்ந்தது. மாட்டி வீணையை ஓடவிட்டாள். ஒட்டு நின்றதா என்று பார்க்கத்தான் பொத்தானைத் தன் காதில் வைத்தாள்.

எண்பத்தொன்பது.

மருதாசலம் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். எண்பத்தொன்பதுதான்.

"ஏனுங்க" என்றாள் பூங்கோதை. அவள் கண் எங்கேயோ இருந்தது. "இந்த வீணை கொஞ்சம் முன்னால வந்து நிக்குதுங்களே... கீழ்ஸ்தாயி மட்டும் இன்னும் இறுகோணும். ஏனுங்க, அந்தப் பருத்தி நூலு மிச்சம் இருக்குதா?"

மருதாசலம் நூல்கண்டை எடுத்துக் கொடுத்தார். இருபத்தெட்டு வருடமாக அவள் வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியம் வர வேண்டும் என்றுதான் ஏங்கியிருந்தார். வந்ததும் பயமாக இருந்தது.

ஆறு மாதம் போயிற்று. ஹாலில் இப்போது இரண்டு ரேக். பூங்கோதையின் ரேக்குக்கு மேல் தட்டு, நன்றாக விளைந்த தேக்குப் பலகை: ஸ்டோர் ரூம் கதவுக்குப் பின்னால் பதினோரு வருடம் பதப்பட்டது. ஒரு கொக்கியில் அவர் வயர், இன்னொன்றில் அவள் வயர். ஃபாரூக் வந்தால் அவளிடம்தான் சந்தேகம் கேட்கிறார். முருங்கைக்கீரையை மருதாசலம் சமையலறைத் தரையில் உட்கார்ந்து உருவுகிறார். ஹாலில் உட்கார இடமில்லை.

ஒரு சாயங்காலம் கீரை முறத்தோடு ஹால் வாசலில் வந்து நின்றார். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்த மனைவியையும், கூரையிலிருந்த கொக்கிகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பூங்கோதை... அன்னிக்கே ஊஞ்சலைப் போட்டிருக்கலாம் புள்ள."

அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"உஸ்... பேசாதீங்க. தட்டு அதிருது."